இடிக்கும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கும், விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நாக்பூரில் இருந்து எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு உரிமம் வழங்கும் வெடிபொருள் பாதுகாப்புத் துறைத் தலைமை அதிகாரி அவர்களுக்கும்,

சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டியிலிருந்து எழுதுகிறேன்.

கடலுக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பில்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கண்மாய்த் தண்ணீரும், மழை பெய்தால் மட்டும் ஓடுகிற அர்ச்சுனா நதியும்தான். ஆனாலும் ராமேஸ்வரம் தீவைச் சொல்லித்தான் இந்த மடலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தீவில் காற்று திசை மாறினால் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. எந்த எண் கூண்டு என்று கேட்டால் அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் தராது. விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கென்று குடும்பத்துக்கு ஒரு நிவாரணத் தொகை உண்டு. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்ட்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். மீன்பாடு குறைந்த மழை மாதங்களுக்குத் தனி உதவி இருக்கிறது. மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது.

இதெல்லாம் போதுமா என்று அந்தத் தீவின் மீனவரைக் கேட்டால் போதாது என்பார். அது நியாயம். இரண்டு மாதம் ஒரு குடும்பம் 8,000 ரூபாயில் சாப்பிட முடியாது. ஆனால் அங்கே ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. பருவம் மாறினால் வேலை நிற்கும், நிற்கத்தான் வேண்டும், நிற்கிற நாளுக்கும் அடுப்பெரிய வேண்டும் என்று அரசாங்கம் அரசாணை போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் கந்தக பூமிக்கு அப்படி ஒரு ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் ஆண்டு எப்படிப் போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டாசுத் தொழில் இங்கே வந்து நிலைத்ததற்கே பருவம்தான் காரணம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மீதி மாதமெல்லாம் காய்ந்த வானம். மருந்தும் காகிதமும் பசையும் திரியும் காய்வதற்கு இதைவிடத் தோதான மண் கிடையாது. கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் போட்ட விதை, கரிசலின் வறட்சியையே முதலாக வைத்து முளைத்தது. விவசாயத்தைக் கைவிட்ட வானம் பட்டாசுக்குக் கை கொடுத்தது.

அந்த வானம்தான் இப்போது எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

தையிலும் மாசியிலும் விடியற்காலைப் பனி. முதல் நாள் காய வைத்தது ஈரம் கோத்துக் கிடக்கும். வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பங்குனி பிறந்தால் வெக்கை. மருந்து புழங்கும் அறைக்குள் மின்சாரம் கூடாது என்பது விதி, நல்ல விதி. ஆனால் மின்சாரம் இல்லை என்றால் மின்விசிறியும் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில், பருத்திச் சேலைக்கு மேல் ஒரு பருத்திச் சட்டையும் போட்டுக்கொண்டு, தகிக்கிற கூரைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, குழாய்க்குள் மருந்து செலுத்துகிற பெண்ணின் கை வியர்வையில் நனைந்துதான் இருக்கும். அந்த ஈரம்கூட அங்கே ஆபத்து. மயக்கம் வந்து கை தவறினால் அது அதைவிட ஆபத்து.

சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று மேற்கே கறுக்கும். கோடை இடி. மழை பெய்யுமோ பெய்யாதோ, மின்னல் வெட்டும். மின்னல் விழுந்து ஆலை அறைகள் வெடித்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனி, ஆடியில் காற்று. மலையைத் தாண்டி வருகிற அந்த வறண்ட காற்றில் தூசியும் பறக்கும், காகிதமும் பறக்கும், உடம்பில் நிலைமின்னூட்டமும் ஏறும். அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வது அதனால்தான். ஆவணி, புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும். அதே நேரம் சாயங்கால இடியும் தொடங்கிவிடும். ஐப்பசியில் அடைமழை. தீபாவளி முடிந்தால் ஆலை கதவைச் சாத்தும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை கூலி கிடையாது.

ஈரம் என்றால் வேலை கெடும், அவ்வளவுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துக்கு ஈரம் பட்டால் அது தன்போக்கில் சூடேறும். நைட்ரேட் உப்போடு சேர்ந்த கலவை ஈரத்தில் மெல்ல மெல்ல வினைபுரிந்து வாயுவும் வெப்பமும் விடும். ஒரு கட்டத்தில் யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். அன்றன்று கலக்கிய மருந்தை அன்றே தீர்க்க வேண்டும், மீந்ததை அறையில் வைக்கக் கூடாது என்று விதி சொல்வதற்குக் காரணம் இதுதான். காலையில் நாள் முழுவதற்கும் மருந்து கலக்கியாகிவிட்டது, மூன்று மணிக்கு இடியோடு மழை வந்துவிட்டது என்று வையுங்கள். மீந்த மருந்தை அழித்தால் முதலாளிக்கு நட்டம். எழுந்து போனால் தொழிலாளிக்குக் கூலி இல்லை. இந்த இரண்டு நட்டங்களுக்கும் நடுவில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

எங்களில் பெரும்பாலோர் எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குபவர்கள். இத்தனை குரோஸ், இத்தனை பெட்டி என்று முடித்தால் இவ்வளவு பணம். மழையில் போன நாளுக்கு ஒன்றும் கிடையாது. முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கடன் மட்டும் மழையில் கரையாது. ஆகவே மழை தின்ற கூலியை வெயில் நாளில் மீட்கப் பார்க்கிறோம். வீட்டில் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருகிறோம். அறை போதவில்லை என்றால் மரத்தடியில் உட்காருகிறோம். கை வேகம் கூடுகிறது. மருந்தைப் பொறுத்தவரை வேகம் என்றால் உராய்வு.

விபத்து நடந்த ஒவ்வொரு முறையும் விதிமீறல் என்று எழுதுகிறீர்கள். நான் மறுக்கவில்லை. உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள், அளவுக்கு மேல் ஆள் வைத்திருந்தார்கள், அனுமதியில்லாத ரகம் செய்தார்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருந்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. எங்கள் ஊருக்கு மிக அருகே, ரெங்கபாளையத்தில், 2023 அக்டோபர் 17 அன்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பரிசுப் பெட்டிக்குள் பட்டாசு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள். அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியில் இன்னொருவர். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. நான்கு வாரம்கூட இல்லை.

இவற்றில் எதற்கும் வெயிலோ மழையோதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விதிமீறல் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்க உரிமை இருக்கிறது. அது அவசரத்தில் பிறக்கிறது. அவசரம், பருவம் பறித்த நாட்களிலிருந்து பிறக்கிறது. அந்த நாட்களுக்கு ஒரு விலை வைக்காமல் ஆலைக்கு எத்தனை முறை சீல் வைத்தாலும் அவசரம் வேறொரு அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முன்பு இந்தப் பருவங்களுக்கு நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். புரட்டாசியில் மானாவாரி விதைப்பு. ஐப்பசியில் ஆலை நிற்கும்போது காடு அழைக்கும். கார்த்திகையில் களையெடுப்பு. தையில் சோளமும் கம்பும் குதிரைவாலியும் அறுப்புக்கு வரும், பிறகு பருத்தி எடுப்பு. ஆலை கைவிட்ட மாதத்தைக் காடு பார்த்துக்கொண்டது. இன்றைக்கு மழை புரட்டாசியில் எட்டிப் பார்க்காமல், கார்த்திகை கடைசியில் மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நாடே பார்த்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். விதைத்தால் முளைக்காது, முளைத்தால் அழுகும், இரண்டுக்கும் தப்பினால் மக்காச்சோளத்தில் படைப்புழு. ஆலை நிற்கிற மாதத்தில் காடும் இப்போது நிற்கிறது. நூறு நாள் வேலை என்று ஊர் இன்னமும் சொல்கிற வேலைத் திட்டத்தின் நாட்களும் அந்த மாதங்களைப் பார்த்து வருவதில்லை.

நான் கேட்பதில் முதலாவது இடி பற்றியது. இடி இடித்தால் வேலையை நிறுத்தி அறையை விட்டு வெளியேற வேண்டும் என்று வெடிபொருள் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இடி வருவது அறைக்குள் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? மின்னலை முன்கூட்டிச் சொல்ல மத்திய அரசின் தாமினி செயலி இருக்கிறது. மாநில அரசின் டிஎன்-அலர்ட் இருக்கிறது. வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை விடுகிறது. எல்லாம் கைப்பேசிக்குத்தான் வருகிறது. எங்கள் கைப்பேசியோ ஆலை வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதுவும் சரியான விதி. எச்சரிக்கை வாசலில் ஒலித்துக்கொண்டிருக்க, யாருக்காக ஒலிக்கிறதோ அவள் உள்ளே திரி செருகிக்கொண்டிருக்கிறாள்.

பாம்பனில் கூண்டு ஏறுவதுபோல எங்களுக்கும் கண்ணுக்குத் தெரிய, காதுக்குக் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஆலைகள் நெருங்கிக் கிடக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் பொதுவாக ஒரு சங்கு. அதை ஊதுவது ஆலை நிர்வாகத்தின் கையில் இருக்கக் கூடாது. ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் கையில் இருக்க வேண்டும். சங்கு ஊதிவிட்டால் போர்மேன் யோசிக்க வேண்டியதில்லை, கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் வெளியே. அன்றைக்கு இழந்த நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி. கூலி இல்லாத சங்கை யாரும் மதிக்க மாட்டார்கள். தங்கள் அறையில் இன்னும் பத்து நிமிடம் இருந்து முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

வெயிலைப் பற்றிப் புதிதாகக் கேட்க வேண்டியதே இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தது. நன்றியோடுதான் சொல்கிறேன். செத்த பிறகு 4 லட்சம் தருகிற அரசு, சாகாமல் இருக்க மத்தியானம் மூன்று மணி நேர நிழலும் தரலாம். மருந்து வேலையை வெயில் ஏறும் முன்னே முடித்துக்கொள்வது தொழில் தெரிந்தவர்களின் பழைய வழக்கம். அதை ஏப்ரல் முதல் ஜூன் வரை கட்டாயமாக்குங்கள். விடிந்ததும் தொடங்கட்டும், பதினொரு மணிக்கு மருந்து அறைகள் மூடட்டும். எல்லா ஆலையிலும் மரநிழலும் குடிதண்ணீரும் உள்ள ஓய்வுக் கொட்டகை இருக்கிறதா என்று ஆய்வுக்கு வருகிற அதிகாரி பார்க்கட்டும். ஆய்வு அறிக்கையில் மருந்தின் எடைக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல, அன்றைய அறை வெப்பத்துக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் பல வீடுகளைத் தொடுவது இது. உடம்புக்கு முடியாமல் போனால் கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகைக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆறு மாதக் காலங்களில் ஒன்று அக்டோபர் முதல் மார்ச் வரை. எங்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று மேலே எழுதியிருக்கிறேன்: மழை, தீபாவளி, ஆலை மூடல், பனி. பெயர் பதிவேட்டில் இருந்தாலும் நாள் சேராது. உள்குத்தகையில் வேலை செய்பவர்களுக்குப் பெயரே இருக்காது. மழைக்காகவும் இடிக்காகவும் ஆலை நின்ற நாட்களை வேலை நாளாகக் கணக்கில் ஏற்றினால் இந்தக் குறை பாதி தீரும். இது மத்திய அரசின் சட்டம் என்பது எனக்குத் தெரியும். மாநில அரசு எழுதிக் கேட்கலாம், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து கேட்கலாம்.

மழைக்கால நிவாரணத்துக்கு வருகிறேன். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கென்று நல வாரியம் இருக்கிறது. விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்தபோது அன்றைய முதலமைச்சர் அறிவித்ததை ஊரில் எல்லோரும் வரவேற்றோம். அதோடு, உயிரோடு இருக்கிறவர்களுக்கும் வாரியத்தின் வழியாக ஏதாவது வர வேண்டும். மீனவருக்குத் தடைக்காலத் தொகை எந்த நியாயத்தில் தரப்படுகிறதோ அதே நியாயத்தில், தீபாவளிக்கு மறுநாள் தொடங்கி ஆலை திறக்கும்வரை பதிவு செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொகை.

பணம் எங்கிருந்து என்று நிதித்துறை கேட்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்காகக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலிக்கிறீர்கள். நாடு முழுவதும் விற்கிற பட்டாசில் பெரும்பங்கு எங்கள் பக்கத்தில் செய்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறது. அந்தப் பெட்டியின் விலையில் ஒரு சிறு துளி, அதைச் செய்த கைகள் சும்மா கிடக்கிற மாதத்துக்குத் திரும்பி வந்தால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.

முதலாளிகளுக்கும் பாடு இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பச்சை உப்பு என்று நாங்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடை செய்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டெல்லிக்கு விற்கலாமா கூடாதா என்பதே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மூச்சுத் திணறுகிற டெல்லிப் பிள்ளைகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தீர்ப்பு கடைசி நேரத்தில் வந்தால் ஆர்டரும் கடைசி நேரத்தில் வருகிறது, அந்த நெருக்கடி வந்து இறங்குவது மருந்து அறையில்தான். கொள்கையை முடிவு செய்கிறவர்கள் தை மாதத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். தீபாவளி எப்போது வரும் என்பதும் யாருக்கும் புதிர் இல்லை. 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். தீபாவளி பின்னால் தள்ளி வருகிற ஆண்டில் உற்பத்தியின் கடைசி வாரங்கள் மழைக்குள் விழும் என்று பஞ்சாங்கம் வைத்திருக்கும் எவரும் முன்கூட்டியே சொல்லலாம். அந்த ஆண்டுகளில் அக்டோபர் 15க்குப் பிறகு மருந்து வேலை கூடாது, அடுக்குவதும் அனுப்புவதும் மட்டும் என்று உரிம நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பது நாக்பூருக்குக் கடினமான காரியம் இல்லை.

வருகிற மே 1 அன்று எங்கள் ஊரில் கிராம சபை. தொழிலாளர் தினமும் அன்றுதான். அக்கினி நட்சத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கும். சங்கு, மத்தியான ஓய்வு, 78 நாள் கணக்கு, மழைக்கால நிவாரணம் ஆகியவற்றைத் தீர்மானமாக வைக்கக் கேட்டிருக்கிறோம். உங்கள் நான்கு அலுவலகங்களிலிருந்தும் ஆளுக்கொருவரை அனுப்புங்கள். ஆலைக்குப் போகிற பெண்கள் தாங்களே எழுந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எது முடியும், எது முடியாது, எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை அந்தக் கூட்டத்திலேயே அவர்களிடம் நேரில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தவன்